நிழல் இருக்கும் பக்கம்

1938 ஜூன் 14, செவ்வாய். வழக்கம்போல் விடியலில் குளித்து, திருமங்கலத்தில் வேலை முடித்து, மாலை பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினேன். எனக்கு முன்னால் இருந்த மாட்டுவண்டிக்காரர் டிரைவரிடம் சொன்னார்:

"நான்தான் தூங்குனேன். மாடு முழிச்சுத்தானே இருந்துச்சு?"

போன வாரம் இந்த பஸ் மோதி அவருடைய வண்டி உடைந்திருக்கிறது. மறுநாள் கோர்ட்டில் விசாரணை.

"முழிச்ச மாடு எதுக்குண்ணே வலப்பக்கம் வந்துச்சு?"

"ரோட்ட அகலமாக்க இடப்பக்கத்துப் புளியமரத்தப் பூராம் வெட்டிப்புட்டாக. மாடு நெழலத் தேடித்தான தம்பி போகும்?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்து ஹாரன் அடிச்சேனே!"

"முன்னெல்லாம் எதுக்க வாரதும் மாட்டுவண்டிதான். ரெண்டு சோடியும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுரும். நாங்க முழிச்சு, வெத்தல போட்டு, ஊர்க்கதை பேசித்தான் ஒதுங்குவோம். என் சம்பந்தியே அப்படிக் கெடச்சவருதான்."

டிரைவர் சிரிக்கவில்லை. "என் லைசென்சு போயிருமுண்ணே. வீட்டுல நாலு வயிறு இருக்கு. நாளைக்கு என்ன சொல்லப் போறீக?"

வண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

புதன் காலை முதல் வேலையாகக் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன்.

"தூங்கிட்டேன் எசமான். டிரைவர் ஹாரன் அடிச்சாரு."

"தூங்கினவருக்கு அது எப்படிக் கேட்டது?" என்றார் நீதிபதி.

"லேசாக் கேட்டுச்சு. மாடு பாத்துக்கிரும்னு மறுபடி கண்ண மூடிட்டேன்."