ஒற்றை வாசல் குழி

சாக்கு நகரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கிறேன். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. உப்புச் சாக்கு. உள்ளே மணல். நனைந்து கல்லாகக் கிடக்கிறது. அதற்குக் கீழே பதுங்குகுழியின் வாசல். உள்ளே பிள்ளைகள்.

"ரோட்டுக்கு ஓடுங்கடா! திரும்பிப் பாக்காதீங்க! ஓடு! ஓடு!"

குப்பத்துத் தனலட்சுமி கத்துகிறாள். வெளியே வந்துவிட்ட பிள்ளைகளை மேற்கே விரட்டுகிறாள். அவள் பெற்ற இரண்டும் இன்னும் உள்ளே இருக்கின்றன. மறுபக்கம் என் கணவர் பனங்குற்றியைத் தோளால் முட்டுகிறார். அவர் கழுத்தில் விசில் ஆடுகிறது.

2004 டிசம்பர் 26. ஞாயிறு. காலை. மரக்காணத்துக்குத் தெற்கே, அனுமந்தைப் பக்கம் ஒரு குப்பம். கிழக்கே கடல். மேற்கே ரோடு, அதற்கப்பால் உப்பளம். நடுவில் மணல்மேடு. மேட்டில் எங்கள் ஜெபக்கூடம்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஓய்வுபெற்ற போதகர். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு. எனக்கு அறுபத்திரண்டு. 2002இல் அங்கே சண்டை நின்றது. பாதை திறந்தது. பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கவேண்டிய வயதில், சபை எங்களை இந்தக் கரைக்கு ஊழியத்துக்குப் போகச் சொன்னது. அவர் உடனே தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. பேசுவது தமிழ்தான், இருந்தாலும் வெளிநாடு. ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் மளிகைக் கடையில் சிரிப்பார்கள்.

விடிந்ததும் ஜெபம். பிறகு நான் குடத்தோடு குழாயடிக்குப் போவேன். அவர் ரேடியோவைக் காதில் வைத்து ஊர்ச் செய்தி கேட்பார். வெயில் மாதங்களில் உப்பளத்துப் பெண்கள் மதியம் ஜெபக்கூடத்து நிழலுக்கு வருவார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்திருக்கும். வெந்நீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். "உங்கட பிரசங்கத்துக்கு வாறவையை விட என்ர எண்ணெய்க்கு வாற சனந்தான் கூட" என்று அவரைச் சீண்டுவேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

வந்த முதல் மாதமே அவர் குழி வெட்டினார். மேட்டில், ஜெபக்கூடத்துப் பின்னால். மேலே பனங்குற்றி. அதன்மேல் மணல் நிரப்பிய உப்புச் சாக்கு. குப்பமே வந்து வேடிக்கை பார்த்தது.

"ஐயா, இங்க யாருங்க குண்டு போடப் போறாங்க?" என்று தனலட்சுமி கேட்டாள். அவளும் உப்பளத்தில் வேலை செய்கிறவள்தான். அவர் சிரித்து மழுப்பினார். பக்கத்தில் குழி இல்லாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. எனக்கும் வராது. யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் அப்படித்தான் படுத்து எழும்பினோம்.

ஊரில் குழிக்கு இரண்டு வாசல் வைப்போம். ஒன்று மூடிப்போனால் மற்றதால் வெளியே வரலாம். இங்கே மணல் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு வாசலோடு விட்டுவிட்டார். இங்கே என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

பிள்ளைகளுக்கு அந்தக் குழி விளையாட்டிடம். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவர் விசில் ஊதுவார். எல்லாம் விழுந்தடித்துக் குழிக்கு ஓடும். முதலில் உள்ளே போகிற பிள்ளைக்கு மிட்டாய். தனலட்சுமியின் மகள் செல்விதான் எப்போதும் முதல். தம்பி கார்த்தியையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். அவன் அழுதுகொண்டே ஓடுவான். மிட்டாயில் பாதி அவனுக்கு.

அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மழைக்காலம். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்றது. உப்பளத்தில் வேலை இல்லை. மிஞ்சிய கேக்குக்காகப் பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

சத்தம். முதலில் தாழ்வாக. ஒரே இழுப்பாக. பிறகு காதை அடைக்கிறது. எனக்குத் தெரிந்த சத்தம். குண்டு போட வரும் விமானத்தை ஊரில் கிபிர் என்போம். அதே இரைச்சல். கத்தியைக் கீழே போட்டேன். வானத்தைப் பார்த்தேன். அவரும் வானத்தைத்தான் பார்த்தார். நாங்கள் இருவரும் கடலைப் பார்க்கவில்லை.

"கிபிர்! உள்ள போங்கோ! எல்லாரும் உள்ள போங்கோ!" என்று அவர் கத்தினார்.

விசில். நீளமாக. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். செல்வி முதல்.

அப்புறம்தான் குப்பத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. "தண்ணி! தண்ணி வருது!" தனலட்சுமி மேடேறி ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் கடல் கறுப்பாக வருகிறது. படகு ஒன்று கூரைமேல் ஏறி வருகிறது. ரோடு கூப்பிடு தூரத்தில். விசில் ஊதாமல் இருந்திருந்தால் பதினொரு பேரும் ஓடித் தப்பியிருப்பார்கள்.

கடைசியாகப் போனவர்கள் முதலில் வெளியே வந்தார்கள். அவர் உள்ளே கையை விட்டு ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். எட்டுப் பேர். அதற்குள் தண்ணீர் மேட்டில் ஏறிவிட்டது. சாக்குகள் சரிந்தன. வாசல் மூடிப்போனது.

நான் இழுத்தேன். அவர் முட்டினார். தனலட்சுமி திரும்பி ஓடி வந்து நகத்தால் பிறாண்டினாள். உள்ளேயிருந்து செல்வி கூப்பிட்டாள். "ஐயா!" என்று. இரண்டு தரம். அடுத்த தண்ணீர் எங்களை அடித்துக்கொண்டு போய் ரோட்டோரத்துச் சவுக்குத்தோப்பில் போட்டது.

தண்ணீர் வடிந்தபின் குப்பத்து ஆண்கள் தோண்டினார்கள். செல்வி தம்பியின் கையை விடவில்லை. மூன்றாவது ஸ்டெல்லா. மீன் விற்கிறவரின் ஒரே மகள்.

தனலட்சுமி அவரிடம் எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவாள். அன்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்யா உள்ள போகச் சொன்ன? ஏன்யா?"

2005. சபை எங்களைத் திரும்பி வரச் சொன்னது. நான் பெட்டியைக் கட்டினேன். அவர் அவிழ்த்தார். "இந்தச் சனத்தை விட்டுட்டு எப்பிடிப் போறது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் மன்னிக்கும்வரை குந்திக்கொண்டு இருக்கப்போகிறாரா என்று கத்தினேன். கடவுள் மேலும் கோபம். அதை ஜெபத்திலேயே சொன்னேன். இன்னும் சொல்கிறேன்.

குப்பத்தாரோடு தகரக் கொட்டகையில் இருந்தோம். பகலில் உள்ளே நிற்க முடியாத சூடு. மறுபடி குழாயடி. மறுபடி ரேடியோ. ஞாயிறு வகுப்பு மட்டும் இல்லை. ஒரு நாள் அவர் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனார். தனியாகக் குழியை மூடினார். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். தனலட்சுமி வந்து நின்றாள். கிட்ட வரவில்லை. முழுக்க மூடும்வரை பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த உப்புக்காலத்தில் வெடித்த காலோடு என்னிடம் வந்தாள். கழுவி எண்ணெய் போட்டேன். அவர் பக்கம் திரும்பாமல் எழுந்து போனாள். பிறகு அடிக்கடி வந்தாள். ஒரு நாளும் திரும்பவில்லை.

2006 ஆகஸ்ட். அங்கே மறுபடி சண்டை. வன்னியில் இருக்கும் எங்கள் மகள் டெலிபோன் பூத்துக்குப் பேசினாள். அவர்தான் எடுத்தார். அவள் கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"அப்பா, கிபிர் வருது! பங்கர் வெட்டட்டோ?"

பங்கர் என்றால் குழி. அவர் வாய் திறந்தது. சொல் வரவில்லை. ரிசீவரை நான் பிடுங்கினேன்.

"வெட்டு பிள்ளை! இண்டைக்கே வெட்டு! வாசல் ரெண்டு வை!"

"அப்பா ஏன் கதைக்கேல்ல?"

"தொண்டை கட்டிப்போச்சு."

ஒரு மாதம் கழித்து மறுபடி பேசினாள். பக்கத்து வீட்டு வளவில் குண்டு. ஒரு வாசல் மூடிப்போனது. மற்றதால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

குழாயடியில் தனலட்சுமி நின்றாள். பூத்துக்காரர் சொல்லியிருக்கவேண்டும்.

"உங்க பேரப்பசங்க நல்லாருக்காங்களாம்மா?"

"ஓம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"சரிம்மா" என்று என் குடத்தையும் நிரப்பித் தூக்கிவிட்டாள்.

போனவை இவை. குப்பத்தில் போன மற்றவர்களின் பெயர்களைக் குப்பத்தார் சொல்வார்கள். அது அவர்கள் உரிமை. நான் சொல்லவேண்டியதை மட்டும் சொல்கிறேன். செல்வி. ஒன்பது வயது. கார்த்தி. ஆறு வயது. ஸ்டெல்லா. ஏழு வயது. ஜெபக்கூடம், அடித்தளத்தோடு. விசில், தேடியும் கிடைக்கவில்லை. அவருடைய நித்திரை. இருப்பவர்கள், என் மகளின் பிள்ளைகள் மூன்று பேர். இரண்டாவது வாசலால் வந்தவர்கள். அந்த வாசலைப் பற்றித் தனலட்சுமியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.