பின்பக்கம் தாழும் ஜீப்

மாலை ஆறே முக்கால். தென்னேரி ஏரிக்கரை ரோடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது... அதில் இரண்டே பேர். புருஷன், பெண்டாட்டி.

செல்போன் லைட்டை அணைக்காதே விஷால், அது பாட்டுக்கு எரியட்டும். கீழே கல்யாண வீடே தூங்குகிறது. இந்த மொட்டை மாடியில் நாம் ஆறு பேர்தான், ஒரே போர்வைதான். யாரும் இழுக்காமல் கேளுங்கள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. இது என் நண்பன் அருளுடைய அக்கா வீட்டில் நடந்தது. அருள் பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்குக் கற்பனையும் கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

அக்கா பெயர் கிரேஸ். அவள் புருஷன் ஜெபகுமார். பெரிய காஞ்சிபுரத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகிற ரோட்டில் அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். வெல்டிங், வண்டி ரிப்பேர் எல்லாம் அங்கேதான்.

கிரேஸ் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். செல்போனுக்குப் பாகங்கள் செய்கிற இடம். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் அந்த வேன் தென்னேரி ஏரிக்குள் உருண்டுவிட்டது. வேலை முடிந்து திரும்புகிற நேரம், ஆறே முக்கால். உள்ளே இருந்த பெண்களில் ஒருத்திகூடப் பிழைக்கவில்லை. கிரேஸுக்கு அன்று காய்ச்சல். லீவு போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பஸ், ஆட்டோ, புருஷனின் பைக்... எதுவும் இல்லை. சர்ச்சுக்கு நடந்தே போவாள். அம்மா வீடு தென்னேரிக்கு அந்தப் பக்கம். அங்கே போவதையே விட்டுவிட்டாள். ராத்திரியில் திடீரென்று எழுந்து உட்கார்ந்துகொள்வாளாம்.

"அவங்கல்லாம் என்னாண்ட கோவமா இருப்பாங்கபா," என்பாளாம். "எனக்கு எப்பவும் ஜன்னலாண்ட எடம் புடிச்சி வெப்பாங்க. அன்னிக்கும் வெச்சிருப்பாங்க."

ஜெபகுமார் எழுந்து லைட்டைப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருவான். ஆனால் மெக்கானிக் புத்தி இருக்கிறதே, அதற்கு எல்லாத் துன்பமும் ஸ்பேனருக்கு அடங்கும் என்ற நினைப்பு. ஒருநாள் அவளிடம் சொன்னான்.

"நானே ஒரு வண்டி கட்றேன் கிரேஸ். பொரட்டினாலும் பொரளாது. பொரண்டாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணியும் ஆவாது. அதுல நீ ஏறுவியா?"

அவள், "நீ கட்டினா ஏறுறேன்," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு பழைய ஜீப்பின் கூட்டை வாங்கி வந்தான். அடிச்சட்டம் முழுக்கத் துரு. கையை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கனமான இரும்புக் குழாயில் புதுச் சட்டம் தானே வெல்டு பண்ணினான். பழையதைவிட ஒரு சாண் அகலம், ஒரு சாண் தாழ்வு. சவாரி செய்பவர்களைச் சுற்றிக் கூண்டு மாதிரி பைப் வளைத்தான். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்து, கியர் பாக்ஸ் இன்னொரு வண்டியிலிருந்து. நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி செய்தான். மலையேறுகிற பசங்கள் யூடியூப்பில் போடுகிறார்களே, அந்த மாதிரி.

சட்டம் அகலமாகிவிட்டதால் பின்னாலும் அகலமான ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற தண்டு, வேண்டும். வாலாஜாபாத்தில் துரைக்கண்ணு என்று ஒரு காயலான் கடைக்காரர். அவரிடம் கச்சிதமான அளவில் ஒன்று கிடந்தது, ஸ்பிரிங் பட்டைகளோடு சேர்த்தே. எந்த வண்டியுடையது என்று ஜெபகுமார் கேட்கவில்லை. துரைக்கண்ணுவும் சொல்லவில்லை.

ஷெட்டில் வைத்து பிரேக் டிரம்மைக் கழற்றினான். உள்ளே காய்ந்து இறுகிய களிமண். களிமண்ணுக்குள் சின்னச் சின்ன நத்தை ஓடு. சேற்று வயலில் ஓடிய வண்டி போலிருக்கிறது என்று நினைத்தான். டீசல் ஊற்றிக் கழுவினான். மாட்டிவிட்டான்.

மாட்டிய அன்று சாயங்காலமே ஆரம்பித்தது.

ஷெட்டில் யாரும் இல்லை. ஜெபகுமார் மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தான். ஜீப் காலியாக நின்றது. எஞ்சின் அணைந்து வெகுநேரம். அப்போது பின்பக்கம்... க்றீச். நின்றது. மறுபடி... க்றீச். ஒருவர் வண்டியில் கால் வைத்து ஏறினால் ஸ்பிரிங் முனகுமே, அந்தச் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

அவன் குனிந்து பார்த்தான். காலி வண்டியில் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் இடம் இருக்கும், அதை அவனே அளந்து வைத்தவன். இப்போது இரண்டு விரல்கூட நுழையவில்லை. பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. ஆள் நிறைய ஏறிய வண்டி மாதிரி...

அப்போது ஒரு வாசனையும் வந்தது என்றான் அருள். ஏரிச் சேறு. வாடிய மல்லிப்பூ. அப்புறம், மூடியே வைத்துவிட்ட டிபன் பாக்ஸைத் திறந்தால் வரும் தயிர்சாத வாடை.

என்ன சுகாசினி, இதற்கே என் கையைக் கிள்ளுகிறாய்?

ஜெபகுமார் பயந்தான். நன்றாகவே பயந்தான். ஆனால் இதைக் கிரேஸிடம் எப்படிச் சொல்வது? அவள் தினமும் ஷெட்டுக்கு வந்து ஜீப்பைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். சீட்டுக்கு நீலக் கலர் துணி போடு என்றெல்லாம் கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. இரும்பு புதுசாகச் சேரும்போது இப்படித்தான் அமுங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பின்னால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தான். மறுநாள் சாயங்காலம் அதே நேரம், அதே சத்தம். பட்டை சேர்த்ததற்கு ஒரு பலனும் இல்லை. அதன் பிறகு அந்த நேரத்தில் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

அவன் மட்டும் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால்... சரி, விடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிரேஸ் ஜீப்பில் ஏறினாள். கூண்டுப் பைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எங்க அம்மா வூட்டுக்குப் போலாம்பா," என்றாள். ஜெபகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. பகல் வெளிச்சம். மெயின் ரோடு. வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. அம்மா வீட்டில் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மெயின் ரோட்டில் பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்த இடம் குளமாகிவிட்டது. போலீஸ்காரர் எல்லா வண்டியையும் திருப்பிவிட்டார். மிச்சம் இருந்தது ஏரிக்கரை ரோடு ஒன்றுதான்.

"கண்ண மூடிக்க கிரேஸ். அஞ்சே நிமிஷம், தாண்டிடலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் பக்கத்து சீட்டில் அவள். பின்சீட்டில் யாரும் இல்லை.

மணி ஆறே முக்கால். கரையில் பாதி தூரம்.

க்றீச்...

ஜெபகுமார் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

க்றீச்... க்றீச்...

பின்பக்கம் தாழத் தாழ முன்பக்கம் தூக்கியது. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு மெல்ல மேலே ஏறியது. பனைமரத்தின் நடுவில் பட்டது. பிறகு உச்சியில் பட்டது. முன்னால் ரோடே தெரியவில்லை. கையில் ஸ்டியரிங் காற்றாகிவிட்டது. சேற்று வாசனை முதுகுக்குப் பின்னாலிருந்து, சூடாக, மூச்சு மாதிரி வந்தது.

கிரேஸ் கண்ணைத் திறந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். பயப்படவே இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டதாம்.

"ஏய் தேவிப்ரியா... இன்னாடி, இன்னிக்கும் ஜன்னலாண்ட எடம் போட்டு வெச்சிருக்கியா? சிம்ரன், கொஞ்சம் தள்ளி குந்துடி. இதோ வந்துக்கினே இருக்கேன்."

சொல்லிக்கொண்டே சீட் மேல் கால் வைத்துப் பின்பக்கம் ஏறப் போனாள்.

ஜெபகுமார் பிரேக்கை மிதித்தான். மிதி தரை வரைக்கும் போனது. வண்டி நிற்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இருக்கிற தொடர்பையே அறுத்துவிடுகிற குட்டி லீவர் ஒன்று உண்டு, அதையும் இழுத்தான். இனி அந்தச் சக்கரங்களை இழுக்க எதுவும் இல்லை. ஆனால் சக்கரங்கள் சுற்றின. நிதானமாக, ஸ்டாப்பில் நிறுத்தப் போகிற வண்டி மாதிரி, ஜீப் ஏரிப் பக்கம் ஒதுங்கியது.

அவன் கிரேஸின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிடியை விடாமல் வெளியே குதித்தான்.

ஜீப் கரையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. தண்ணீருக்கு அடியில் இரண்டு ஹெட்லைட்டும் கொஞ்ச நேரம் மஞ்சளாக எரிந்தன. அப்புறம் அதுவும் போய்விட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். கிரேஸ் இருந்தாள். கரையில், அவன் கைப்பிடியில், மூச்சு விட்டுக்கொண்டு இருந்தாள். "கர்த்தரே, கர்த்தரே" என்று கத்தி அவளைக் கட்டிக்கொண்டான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஊர் விளக்கு தெரிகிற வரைக்கும் ஓடினான். இளைக்கவே இல்லை. பயத்தில் உடம்புக்கு அப்படி ஒரு பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் வாலாஜாபாத் போய்த் துரைக்கண்ணுவின் சட்டையைப் பிடித்தான்.

"அந்தக் கம்பெனி வேன்தாம்பா," என்றார் அவர். "நீ கேக்கல, நானும் சொல்லல. இரும்புக்கு இன்னாபா தெரியும்?"

ஜீப்பை ஏரியிலிருந்து எடுக்க அவன் ஆள் கூப்பிடவில்லை. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இருக்கட்டும். கிரேஸ் வந்துவிட்டாள் இல்லையா, அது போதும் என்று இருந்தான். அவளும் நன்றாகத்தான் இருந்தாள். சமைத்தாள், சிரித்தாள். ராத்திரியில் எழுந்து உட்காருவது நின்றுபோனது. பயமே போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, "பைக்குலயே போலாம்பா" என்று அவளே சொன்னாள்.

ஜெபகுமார் பைக்கை ஸ்டார்ட் பண்ணினான். அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தான். நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், பின்னால் ஒரு ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் அமுங்கும், ஓட்டுகிறவனுக்கு அது இடுப்பில் தெரியும். அவன் அதற்குத்தான் காத்திருந்தான். அமுங்கவில்லை.

"இன்னும் ஏறலியா?"

"எப்பவோ ஏறிட்டேன். போ," என்று காதோரம் குரல் கேட்டது. தோளில் அவள் கை இருந்தது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

வழியில் வேகத்தடை வந்தது. பைக் தனி ஆள் ஓட்டுகிற மாதிரியே குதித்தது.

இதை அவன் கிரேஸிடம் கேட்கவில்லை. பாஸ்டரிடமும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து அருளிடம் மட்டும்தான் சொன்னான். அதுவும் அருளே நேரில் பார்த்துவிட்டதால்.

போன சித்திரையில் அருள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினான். காஞ்சிபுரத்துச் சித்திரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஹாலில் பாய் போட்டுப் படுத்தவன் அண்ணாந்து பார்த்தால் கொக்கி மட்டும் இருக்கிறது.

"ஃபேன் எங்க மாமா? வேர்த்து ஊத்துதே."

"கழட்டிட்டேன்பா. எல்லா ரூம்லயும் கழட்டிட்டேன். உங்க அக்காவுக்கு ஆவாது," என்றான் ஜெபகுமார்.

நடுராத்திரியில் அருளுக்குத் தாகம். தண்ணீர் குடிக்க எழுந்தான். ரூம் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஜெபகுமார் மல்லாந்து படுத்திருந்தான். ஒருத்தன் மட்டும். தூங்கவில்லை, கண் திறந்திருந்தது. அவனுடைய வலது மணிக்கட்டில் அக்காவின் பழைய நூல் புடவை ஒன்றின் நுனி, இரண்டு முடிச்சுப் போட்டு, இறுக்கிக் கட்டியிருந்தது.

அருள் அந்தப் புடவையின் மறுநுனியைத் தேடினான். கட்டிலில் இல்லை. தரையிலும் இல்லை.

புடவை மேலே போயிருந்தது. நேராக, விறைப்பாக... கூரைப் பக்கம் இருட்டுக்குள். அங்கேயிருந்துதான் அக்கா தூங்குகிற மூச்சு கேட்டது.