ஆயுத பூஜையன்னிக்கு ஒரே ஒரு அடி

ஹலோ... ஹலோ, தணிகாசலண்ணா? நான்தாண்ணா, பக்கத்து ஷெட்டு ஜோசப் ஆனந்த்... ஆமாமா, ரெக்கார்டிங் ஸ்டுடியோ... ஆமா, அந்தத் தலவலிதான் பேசுறேன். பொரி வந்துச்சுண்ணா, அண்ணி குடுத்தனுப்பிச்சாங்க... தின்னுகிட்டேதான் பேசுறேன்.

அண்ணா, ஒரு சின்ன உதவி. உங்க டப்பா மூடி அடிக்கிற பிரஸ் மிஷின் இருக்குல்ல... அத ஒரே ஒரு அடி அடிக்க விடணும்... இல்லண்ணா, மூடி வேணாம். சத்தம் வேணும்... சத்தம்ணா, சத்தம்!... ஆமா, சத்தத்த நிறுத்துங்கன்னு நான்தான் வந்து சண்ட போட்டேன். அது நேத்து.

சொல்றேன் கேளுங்க. எங்க பேண்டு ஹெவி மெட்டல் பாட்ட ரெக்கார்டு பண்ணி முடிச்சாச்சி... ஆமா, அந்தக் கத்துற பாட்டுதான். கிதாரு பிரமாதம். ஆனா கால்ல மிதிச்சி அடிக்கிற பெரிய டிரம்மு இருக்கு பாருங்க, கிக் டிரம்மு, அது சொதப்பிடுச்சி... யாரு வாசிச்சதா? நான்தான்... சிரிங்க. சிரிச்சி முடிச்சிட்டு சொல்லுங்க.

அடி சரியாத்தான் விழுது. சத்தம்தான் தலகாணிய தட்டுன மாதிரி இருக்கு... ஆமாமா, உள்ள தலகாணிதான் வச்சிருக்கேன். எல்லாரும் வைப்பாங்கண்ணா! நான் கொஞ்சம் பெரிய தலகாணியா வச்சிட்டேன்... அண்ணா, மெட்டலுக்கு கீழ தொம்முன்னு நெஞ்சுல ஒதைக்கணும், மேல டிக்குன்னு கூரா ஒரு ஓசை வரணும். ரெண்டும் ஒண்ணா. அந்த டிக்கு இல்லன்னா, கிதாரு போடுற எரைச்சல்ல டிரம்மு எங்க போச்சின்னே தெரியாது. உங்க பிரஸ்ஸு ஒரு தடவ எறங்குனா போதும். புடிச்சி கம்ப்யூட்டர்ல போட்டு, நான் மிதிச்ச எடத்துலல்லாம் அதயே ஒட்டிடுவேன்.

...தெரியும்ணா. மிஷின கழுவி, சந்தனம் குங்குமம் வச்சி, வாழக்கன்னு கட்டி... ஆமா... ஆமாமா, இன்னிக்கி தொடக்கூடாது. என் டிரம்முக்கே எங்க பாடகன் அன்பழகன் பொட்டு வச்சி, பெடல எடுத்து பீரோவுல பூட்டிட்டான். இல்லன்னா நானே திரும்ப அடிச்சிருப்பேன்... சாவியா? சாவியோட ஊருக்குப் போய்ட்டான்... கம்ப்யூட்டருக்கும் வச்சான், நான் தொடச்சிட்டேன்... சரிண்ணா, நான் சர்ச்சுக்குப் போறவன், சாமி கொஞ்சம் விட்டுக்குடுக்கும்.

நாளைக்கா? நாளைக்கி பெங்களூர்ல சிடி குடுக்கணும்ணா, போட்டிக்கு கடைசி நாளு. ராத்திரி பஸ்ல நானே எடுத்துட்டுப் போறேன். இதுல எடுபடலன்னா ஸ்டுடியோவ மூடிட்டு தேங்காய்த்திட்டு ஹார்பர்ல ஐஸ் கம்பெனிக்கு வேலைக்கிப் போன்னு எங்கப்பா முடிவா சொல்லிட்டாரு. எனக்கு பயமா இருக்குண்ணா... ஐஸ் கம்பெனி நல்ல வேலதாண்ணா, நான் அதச் சொல்லல...

சரிண்ணா. நீங்க கல்லு. வச்சிடுறேன்... இருங்க, இருங்க! என்னா சத்தம் அது?... இப்பத்தான்ணா, தொம்முன்னு!... பூசணிக்காயா? கேட்ல ஒடைச்சீங்களா?... உள்ள சில்லறை போட்டிருந்தீங்களா?... அதான்! அதாண்ணா அந்த டிக்கு! சில பேரு டிரம்மு தோல் மேலயே காச ஒட்டி வைப்பாங்க, இந்த ஓசைக்காகவே!... என்னா, முடிஞ்சிபோச்சா? ஒண்ணுதானா?... லாரிக்கு இன்னொண்ணு இருக்கா! தெய்வமே!

மிஷின் இல்லியேண்ணா, பூசணிதான! எப்பிடியும் ஒடைக்கத்தான போறீங்க... பாட்டு எதப் பத்தியா? அது வந்து... நரக... நல்லவங்க கெட்டவங்களப் பத்தி... கடைசியில நல்லவங்கதாண்ணா ஜெயிப்பாங்க, என்னா கேள்வி இது!... சிடி அட்டையில பேரா? போடுறேன். டிரம்ஸ், தணிகாசலம்... என் பேரா? கீழ சின்னதா போட்டுக்கிறேன்.

மைக்க ஜன்னல் வழியா வெளிய வுட்டாச்சி, கேட்டு வரைக்கும் எட்டுது... நான் உள்ள கம்ப்யூட்டர்கிட்ட இருக்கேன். ஃபோன உங்க காதுல புடிச்சிக்கச் சொல்லுங்க அண்ணிய. நான் சொன்னப்பறம் போடுங்க... கற்பூரம் ஏத்தியாச்சா? சுத்துங்க, நல்லா சுத்துங்க... ஆங், இருங்க, பஸ்ஸு போவுது... போயிடுச்சி. இல்ல, இருங்க, அந்தப் பாட்டு கேசட்ட நிறுத்தச் சொல்லுங்க... அசையாதீங்கண்ணா... காக்கா கத்துது... தூக்கியே புடிங்க... எரியுதுன்னு தெரியும்ணா, கற்பூரம்னா எரியத்தான செய்யும்... இன்னும் ஒரே செகண்டு, மைக்கு சவுண்டு கொஞ்சம் ஏத்திக்கிறேன்...

ஐயோ!

அண்ணா?... அண்ணா, இருக்கீங்களா?... அண்ணியா? கைய சுட்டு பூசணிய கீழ போட்டுட்டாரா? ரொம்பவா?... தண்ணித் தொட்டியில கைய வுட்டிருக்காரா... கொப்புளம் இல்லல்ல?... அப்பாடா. மன்னிச்சிடச் சொல்லுங்க அண்ணி, எனக்கே கஷ்டமா இருக்கு... கேக்குது, இங்க வரைக்கும் கேக்குது. திட்டட்டும், பாவம்.

இருங்க, போட்டுக் கேக்குறேன்... அண்ணி! தொம்மும் வந்திருக்கு, டிக்கும் வந்திருக்கு! அதுக்கு முன்னாடி அண்ணன் ஒரு கத்து கத்துனாரு பாருங்க, அடிவயித்துலேருந்து! அன்பழகன் மூணு மாசமா சுக்கு தின்னு தொண்டைய கிழிச்சிகிட்டும் இப்பிடி ஒரு கத்தல் வரல! மொதல்ல கத்தல், அப்பறம் தொம்மு. பாட்டே இப்பிடித்தான் ஆரம்பிக்கப் போவுது... அட்டையில மாத்திப் போடுறேன். குரல், டிரம்ஸ், ரெண்டுமே தணிகாசலம்.

...அண்ணன் கேக்குறாரா? குடுங்க, குடுங்க. அண்ணா! பெங்களூரே ஆடப் போவுது!... சரிண்ணா... சரிண்ணா... தப்புதாண்ணா... ஐஸ் கம்பெனியிலேருந்து நானே ஐஸ் வாங்கியாந்து தரேண்ணா... அண்ணா, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கத்தலு பாட்டுக்கு நடுவுலயும் ஒரு எடத்துல வேணும், இன்னும் கொஞ்சம் நீளமா. கற்பூரம் மிச்சம் இருக்...

ஹலோ?... ஹலோ?