இடது பக்கச் சத்தம்

"...அதான் தாயி, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. மெஷினே சொல்லிருச்சு. ரெண்டு காதும் கொமரிப்புள்ள காது மாதிரி இருக்காம், மெஷின வச்சுப் பாக்குற அந்தப் பொண்ணு சொல்லுது. இத நான் வீட்லயே சொன்னேன். கேட்டாத்தான? புடிச்ச புடியா இழுத்துட்டு வந்துட்டாரு மனுசன்..."

சோதனை அறையிலிருந்து வெளியே வந்த ரோசலின், பெஞ்சு நுனியில் உட்காரும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் சூர்யகலா, சின்னாளபட்டிக்காரி. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வீங்கின கன்னத்தைக் கையில் தாங்கியபடி தன் முறைக்காகக் காத்திருந்தாள். வாயைத் திறந்தால் வலி. அதனால் தலையை மட்டும் ஆட்டினாள். ரோசலினுக்கு அதுவே தாராளம். திண்டுக்கல்லில் அந்தக் காது டாக்டரிடம் அன்றைக்கு நல்ல கூட்டம். கேட்க ஆள் இருந்தது, பேச நேரமும் இருந்தது.

சோதனை அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு வழுக்கைத் தலை, கட்டம் போட்ட சட்டை. மேசை மேல் இருந்த மெஷினை ஒரு பக்கமாகக் குனிந்து, மறு பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, அதுதான் தன் வீட்டுக்காரர் என்றாள் ரோசலின். எங்கே போனாலும் மனிதரை முதலில் பார்க்க மாட்டார், வயரைத்தான் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இப்படித்தான். தன்னைப் பார்த்ததை விட, அவள் அப்பா வைத்திருந்த ரேடியோவைத்தான் அதிக நேரம் பார்த்தார். அதைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

கிறிஸ்துராஜ் முதலில் மைக் செட்டுக்காரராக இருந்தவர். அகரம், தாடிக்கொம்பு, கொடைரோடு என்று சுத்துப்பட்டு எல்லாத் திருவிழாவுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான். குழாயை மரத்தில் கட்டிவிட்டு அதன் அடியிலேயே நாள் முழுக்க நிற்பார். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் பதியும் கடை போட்டார். பாட்டு எழுதிக்கொண்டு வந்து கொடுத்தால் பதிந்து கொடுக்கிற கடை. கல்யாணத்துக்கு ஒரு கேசட், காதுகுத்துக்கு ஒரு கேசட் என்று நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊருக்குத் திரும்பும்போது பெட்டி நிறைய ரெக்கார்டுகளை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். எல்லாம் ராக் பாட்டு.

"பாடுறவனுக்கு என்ன கஷ்டமோ தெரியல தாயி, அம்புட்டுக் கத்து கத்துறான். நானும் மொதல்ல பாவம்னுதான் நெனச்சேன். அப்பறம் பாத்தா அட்டையில சிரிச்சிக்கிட்டு நிக்கிறான். சரி, கேக்குறதுதான் கேக்குறாரு, கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டேன். இவரு என்ன சொல்றாருன்னா, இதெல்லாம் இருவது வருசத்துக்கு முந்தி ரெண்டு பக்கத்து ஸ்பீக்கருக்குன்னு பண்ணுனது, நான் இத நாலு மூலைக்கும் புதுசாப் பிரிச்சு மறுபடி வெளியிடப்போறேன்னு... மனுசனுக்கு இருக்கிறதே ரெண்டு காது, நாலு மூலை எதுக்குங்கன்னு கேட்டேன். அன்னிக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு. வெறுஞ்சோறுதான், வெஞ்சனம் எதுவும் தொடல."

சும்மா சொல்லவில்லை, செய்தும் விட்டார். வீட்டு முன்கட்டில் மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்பீக்கர். ஒன்று அரிசிப் பீப்பாய் மேல். ஒன்று இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. மற்ற இரண்டும் ஆள் நடக்கிற வழியில். நடுவில் சாக்பீசால் வட்டம் போட்டு ஒரு நாற்காலி. ரெக்கார்டைப் போட்டு, கனத்த சத்தத்தை வடிகட்டிப் பின்னால் தள்ளுவார், பாட்டை முன்னால் நிறுத்துவார், கிதாரைப் பக்கவாட்டில் ஓடவிடுவார். இதை இரண்டு கேசட்டாகப் பதிந்து, ஒன்றை முன் ஸ்பீக்கருக்கும் ஒன்றைப் பின் ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். ஒன்றை அவர் தட்டுவார், இன்னொன்றை ரோசலின் தட்ட வேண்டும். அவள் கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. அப்படியே சரியாகத் தட்டினாலும் இரண்டு மெஷினும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாடுகிறவன் பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பிய பிறகும் மோளக்காரன் மட்டும் பின்னாலேயே அடித்துக்கொண்டு வருவான். அதை நேராக்கவே ஒரு மழைக்காலம் போனது.

இதெல்லாம் யாருக்கு என்று சூர்யகலா கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு ரோசலின் சொன்னாள். அப்துல் வாஹித் என்று ஒரு டூரிஸ்ட் பஸ் முதலாளி இருக்கிறார். கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்குகிற வெள்ளைக்காரர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிப்போகிற பஸ். நாலு பக்கமும் சுத்தி வருகிற இங்கிலீஷ் பாட்டு பஸ்ஸில் ஓடினால் வேறு வண்டிக்கு ஆள் போகாது என்று கிறிஸ்துராஜ் அவரிடம் சொல்லி, அவரும் நம்பிவிட்டார். சீசனுக்கு முன்னால் தயாராக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"என்னைய நடுவுல ஒக்கார வச்சு, சரியா இருக்கா, சரியா இருக்கான்னு கேட்டாருல்ல... நான் உள்ளதச் சொன்னேன். இடது பக்கம் ரொம்பக் கூட இருக்குங்கன்னேன். இல்லையே, சமமா இருக்கேங்கிறாரு. சத்தத்த ஏத்தி எறக்குற நாப்பத் திருப்புறாரு. எறக்குவாருன்னு பாத்தா இன்னும் ஏத்துறாரு! எனக்கு இந்தப் பக்கம் காதுக்குள்ள ஆரோ அம்மி கொத்துற மாதிரி இருக்கு. அவரு கண்ண மூடிக்கிட்டு, ஆஹா, இப்பத்தான் நடுவுல வந்து நிக்குதுங்கிறாரு. எங்க வந்து நிக்குது? இடது பக்கச் செவுரு அதிருது. அடுத்த வீட்டுக்காரி வந்து, அவ செவுத்துல மாட்டுன காலண்டரு விழுந்துருச்சுன்னு சொல்லிட்டுப் போறா."

வெள்ளோட்டம் பார்க்கப் பஸ்ஸை எடுத்தார்கள். முதலாளி வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள் என்று சீட்டெல்லாம் நிறைந்திருந்தது. திண்டுக்கல்லில் இருந்து கொடைரோடு வரை போய்த் திரும்புவது. ரோசலினும் போயிருந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் இடது பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காதைப் பொத்தினார்கள். வாஹித்தின் மாமியார் முக்காட்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிறகு எழுந்து வலது பக்கம் போய் நின்றார். அம்மையநாயக்கனூர் வருவதற்குள் இடது பக்கம் முழுக்கக் காலி. எல்லாரும் வலது பக்கம் நெருக்கியடித்து நின்றதால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. டிரைவர் மட்டும் பிரமாதம் என்றார். அவர் இருந்தது வலது பக்கம். கிறிஸ்துராஜ் நடுவில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

வாஹித் கோபப்படவில்லை. சீசனுக்குள் சரி பண்ணிக் கொடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வீடியோ வைத்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கிறிஸ்துராஜ் பஸ் பாடியைக் குறை சொன்னார், தகரத்தைக் குறை சொன்னார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவளுக்குத்தான் காது கோளாறு என்ற முடிவுக்கு வந்தார். வந்தவர் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை.

"பூச முடிஞ்சு வெளிய வாரேன், மாதா சபைத் தலைவி எங்காதுக்கிட்ட வந்து, சொ...க...மா...ன்னு கத்துது. சாமியாரு எனக்கு மட்டும் கையக் கையக் காட்டிப் பேசுறாரு. கறிக்கடையில எலும்பு வேணுமான்னு என்னையக் கேக்காம பக்கத்துல நின்னவளக் கேக்குறாக. இது கூடப் பரவாயில்ல தாயி. வீட்ல என்ன சொல்றாரு தெரியுமா? நீ வாய்க்குள்ளயே பேசுற, ஒண்ணும் வெளங்க மாட்டேங்குதுங்கிறாரு. நான்! வாய்க்குள்ள பேசுறேனாம். பொறந்ததுலருந்து என்னைய ஆரும் அப்பிடிச் சொன்னதில்ல."

சூர்யகலா இதற்கு வலியையும் மீறித் தலையை அழுத்தமாக ஆட்டினாள்.

ரோசலின் கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். உள்ளே அந்தப் பெண் கிறிஸ்துராஜை நாற்காலியில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தாள். ரோசலின் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். குரலும் இறங்கியது.

அந்தக் குற்றச்சாட்டைத்தான் அவள் பல நாள் மனதில் போட்டு உருட்டியிருந்தாள். வாய்க்குள் பேசுகிறாள் என்று அவர் சொன்னதெல்லாம், அவள் இடது பக்கம் நின்று பேசிய நேரம். வலது பக்கம் நின்று ரசம் ஊற்றவா என்றால் போதும் என்பார். இடது பக்கம் நின்று கேட்டால் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடையில் கல்லாவுக்கு இடது பக்கம் நிற்கிற ஆளிடம், என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை கேட்பார். குழாய்க்கு அடியில் நின்றவர் எப்போதும் அதற்கு எந்தப் பக்கத்தைக் கொடுத்து நின்றார் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது.

"சவுண்டுக்காரருகிட்டப் போயி ஒங்களுக்குக் காது கேக்கலங்கன்னு எப்பிடித் தாயி சொல்றது? சொன்னா அந்த மனுசன் கடைய மூடிட்டு ஒக்காந்துருவாரு. அதான், காது டாக்டருகிட்ட ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்னு அவரு சொன்னதும், மேலுக்குக் கொஞ்சம் முரண்டு பண்ணிட்டுக் கெளம்பிட்டேன். எனக்குப் பாத்து முடிச்சதும் அந்தப் பொண்ணுகிட்ட, அவருக்கும் ஒருதடவ போட்டுப் பாரும்மா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்லன்னு சொன்னேன். அவருக்கும் அந்த ஹெட்போன மாட்டிப் பாக்க ஆச. ஒடனே போயி ஒக்காந்துட்டாரு. வெளிய வந்து..."

பேச்சு அங்கே நின்றது.

கண்ணாடிக்கு உள்ளே கிறிஸ்துராஜ் முகம் தெரிந்தது. சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முதலில் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஒழுங்காகப் போனது. பிறகு அந்தப் பெண் அடுத்த காதுக்கு மாற்றித் திருகினாள். விரல் எழவில்லை. இன்னும் திருகினாள். விரல் மடியிலேயே கிடந்தது. கிறிஸ்துராஜ் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் ஹெட்போனைக் கழற்றி, வயரை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி, இடது காதுக்கானதை வலது காதில் வைத்து மாட்டிக்கொண்டு, போடச் சொல்லிக் கைகாட்டினார். அவள் போட்டாள். விரல் உடனே எழுந்தது.

கொஞ்ச நேரம் அந்த விரல் அப்படியே நின்றது. பிறகு அவர் ஹெட்போனைக் கழற்றி, முதலில் இருந்தபடியே மாட்டிக்கொண்டார். மறுபடி போடச் சொன்னார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் அறையிலிருந்து சூர்யகலாவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, ஒரு கணம் நின்று, ரோசலின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ரோசலின் அதைக் கவனிக்கவில்லை.

கிறிஸ்துராஜ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் சோதனைச் சீட்டு இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரோசலின் என்ன என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, எழுந்து அவர் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"லூஸ் கனெக்‌ஷன்னு நெனச்சேன்," என்றார் அவர். "மாத்திப் போட்டுப் பாத்தேன்."

"ம்."

"செட்டு நல்லாத்தான் இருக்கு."

எதிரே சுவரில் காதின் படம் ஒன்று, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி, கலர் கலராகத் தொங்கியது. அதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையை எடுக்காமலே அவர் கேட்டார்.

"இடது பக்கம் எம்புட்டுக் கூட இருக்கு?"

"கொஞ்சந்தாங்க."

"உள்ளதச் சொல்லு."

"காதப் பொத்திக்கிற அளவுக்கு."

அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போனதும் ரெக்கார்டை முதலிலிருந்து போடலாம் என்றார். நாப்பில் கை தன்னுடையதாக இருக்கட்டும், இடது பக்கத்துக்குப் போதும், போதாது என்று சொல்வது அவளாக இருக்கட்டும் என்றார். சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் சரி என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் சரி என்று மட்டும் அவள் சொன்னதைக் கேட்டு அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் அறை வாசலில் நின்று கம்பவுண்டர் கூப்பிட்டார். ரோசலின் பெயரை அல்ல, கிறிஸ்துராஜ் பெயரை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். ரோசலின் அவர் கையைத் தொட்டு, ஒங்களத்தாங்க என்றாள்.

அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். இரண்டடி போனவர் நின்றார்.

"நீயும் வா," என்றார். "டாக்டரு எந்தப் பக்கம் நின்னு பேசுவாரோ."