ரேடியேட்டர்ல சீன்னு ஒரு சத்தம்

அந்த ஸ்பானரக் கீழ வைங்க தம்பி. சீட்டத் தூக்கிப் பாத்தாச்சு, வண்டிய ஓட விட்டுக் காத வச்சுக் கேட்டாச்சு, போதும். எதையும் கழட்டாதிய. எங்க வீட்டுக்காரவுக டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள நா நாலு வார்த்த பேசிக்கிடுதேன். அவுக முன்னாடி வாயத் தொறக்க முடியாது. தொறந்தா, ஏளா, ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்னு ஒரே போடா போட்டுருவாக.

நீங்களும் அதத்தான் நெனைக்கியளா? நல்லா இருக்கே! இது ஆம்னி வேன்லா. எஞ்சின் எங்கன இருக்கு? என் சீட்டுக்குக் கீழதான. வாங்குன நாள்லருந்து அந்தச் சூட்டுல உக்காந்து வெந்துக்கிட்டுக் கெடக்கவ நாந்தான். பெல்ட்டு கத்துனாலும் வால்வு அடிச்சாலும் மொதல்ல தெரியுறது எனக்கு, அப்புறந்தான் அவுகளுக்கு. சிரிங்க, சிரிங்க.

இல்ல தம்பி, நாங்க தூத்துக்குடி. திருச்செந்தூர் கோயிலுக்குன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். காயல்பட்டணம் வந்ததும், சத்தம் கூடுன மாதிரி இருக்கே, இங்கன ஒரு ஷெட்டு இருக்கு, காட்டிட்டுப் போவோமான்னேன். அவுகளுக்கு மொகம் அப்படியே மலந்துட்டு. முருகன் கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருக்கட்டும், அவருக்கு என்ன வேல.

முஜாஹித்துன்னு போர்டுல போட்டிருக்கே, நீங்கதான? துபாய்ல வேல பாத்துட்டு வந்து போட்ட ஷெட்டா? நல்லது, நல்லது. அப்பத் தூத்துக்குடில ஒங்களுக்கு யாரும் பழக்கம் இல்லல்லா? அதான் எனக்கு வேணும். ஏன்னு சொல்லுதேன்.

எங்க வீட்டுக்காரவுகளத் தெரியாத மெக்கானிக்கு எங்க ஊர்ல கெடையாது. பெரிய கப்பல ஹார்பருக்குள்ள இழுத்துட்டு வாரதுக்குச் சின்ன போட்டு உண்டும்லா, அதுல எஞ்சின் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவுக. வன்னியபெருமாள் அண்ணாச்சின்னா ஷெட்டுக்காரனுவ எந்திச்சு நிப்பானுவ. நீட்ட ஸ்க்ரூடிரைவர எஞ்சின் மேல ஊனி, கைப்பிடியக் காதுல வச்சாகன்னா போதும், இந்த பேரிங்கு போச்சு, அந்த வால்வு ஒழுகுதுன்னு சொல்லிருவாக. பிரிச்சுப் பாத்தா அதேதான் இருக்கும். புருசன் பெருமை பேசுதேன்னு நெனைக்கியளா? பெருமைதான், அதுக்கு என்ன இப்ப.

இந்த வண்டில மொதல்ல ஒரு சத்தம் வந்தது நெசம். கொளக்கு கொளக்குன்னு, வெறும் வயித்துல தண்ணி குடிச்சா உருளும்லா, அது கணக்கா. வண்டிய ஆஃப் பண்ணுன பொறவும் உருளும். இவுக என்ன செஞ்சிருக்காகன்னா, கூலண்டு எதுக்கு, தண்ணி போதும்னு எங்க வீட்டு போர்த் தண்ணியவே ஊத்திட்டு வந்திருக்காக. எங்க தெருத் தண்ணிய வாயில வச்சா உப்பளமே நாக்குல ஏறும். ரேடியேட்டர் உள்ள உப்புப் பூத்து, அரிச்சு, தண்ணி ஒழுகி, காத்து ஏறிப் போச்சு. அதக் கண்டுபிடிச்சதும் அவுகதான். கடல்லயே எஞ்சின் ஓட்டுன மனுசனுக்கு உப்புத் தண்ணி இரும்புக்கு ஆவாதுன்னு தெரியாமப் போச்சேன்னு நா ரெண்டு நாளு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனேன். ரேடியேட்டர மாத்திக் கூலண்டு ஊத்துனதும் உருளல் நின்னுட்டு.

அதோட விட்டுச்சா? தலவலி போயி திருகுவலி வந்த கதையா, கொஞ்ச நாள்லயே சீன்னு ஒரு சத்தம் வருதுன்னாக. குக்கர் விசில் அடிக்கதுக்கு முந்தி மெல்லிசா ஒண்ணு வரும்லா, அப்படியாம். ரேடியேட்டர் மூடி வழியா ஆவி போவுதுன்னாக. மூடிய மாத்துனோம். போவல. ஓஸ் பைப்ப மாத்துனோம். தெர்மோஸ்டாட்ட மாத்துனோம். இப்ப வாட்டர் பம்ப மாத்துன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காக. இந்த வேன்ல பழசுன்னு மிச்சம் இருக்கது நானும் அவுகளுந்தான்.

மெக்கானிக்குவ என்ன சொன்னானுவளா? அங்கனதான் விசயமே இருக்கு. எங்க தெருல டிக்சன்னு ஒருத்தன், நல்ல வேலக்காரன். ஒங்கள மாதிரியே சீட்டத் தூக்கி, காத வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தான். அவன் முழியப் பாத்தாலே தெரியுது, ஒண்ணும் கேக்கலன்னு. இவுக, கேக்குதாலேன்னாக. அவன், ஆமா அண்ணாச்சி, லேசாக் கேக்குன்னுட்டான்! அடுத்த ஷெட்டுலயும் அதே கததான். அண்ணாச்சிக்குக் கேக்கும்போது எனக்குக் கேக்கலன்னு எவன் சொல்லுவான்? தொழில் தெரியாதவன்னு ஆயிரும்லா. ஆளுக்கொரு சாமானக் கழட்டி மாட்டி விட்டானுவ. எல்லாம் மரியாதை தம்பி. மரியாதையிலயே எங்க வேன் புதுசாயிட்டு.

எனக்கா? எனக்கும் கேக்கல. எஞ்சின் மேலயே உக்காந்திருக்கேன், கேக்காதா? சொன்னேன். போயிக் காதக் கழுவிட்டு வான்னுட்டாக.

நல்லாச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்த மனுசன். இப்பச் சாப்பாட்டுல கைய வச்சவுக அப்படியே எந்திச்சுப் போயி வண்டியத் தொறக்காக. தூக்கமும் கெடையாது. மொகமே சுண்டிப் போச்சு. இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு தெரியாம நா வண்டில ஏற மாட்டேன். அந்தா பாருங்க, டீக்கடைல பாய்லர் கிட்டப் போயி நிக்காக. அதுல என்ன கோளாறுன்னு கடைக்காரருக்குப் பாடம் நடக்கு, பாவம் அந்த மனுசன். நமக்கு இன்னும் நேரம் இருக்கு.

போன வாரம் வேன் டிக்சன் ஷெட்டுல நின்னுது. வீட்ல இல்ல, கேட்டுக்கிடுங்க. மத்தியானம் பாத்திரத்த வெளக்கிட்டு வாரேன், இவுக நடையில நிக்காக. ஸ்க்ரூடிரைவரச் செவத்துல ஊனி, கைப்பிடியக் காதுல வச்சுக்கிட்டு. வெறும் செவரு தம்பி. பொறவு கதவுல வச்சாக. பொறவு தண்ணிக் கொடத்துல. திரும்பி என்னையப் பாத்தாக. ஸ்க்ரூடிரைவரக் கொண்டு போயி டப்பாவுல போட்டாக. சாயங்காலம் டிக்சன்கிட்டப் போயி, இன்னும் அந்தச் சத்தம் போவலலேன்னு சொல்லிட்டு வந்தாக.

ஆமா தம்பி. வண்டில ஒண்ணும் இல்ல. சத்தம் அவுக காதுல இருக்கு.

எங்க மக ஜெயபிரியா நர்சா இருக்கா. காலம்பூரா எஞ்சின் ரூம்புல இருந்த காதும்மா, கேக்குறது கொறையும்போது சில பேருக்கு இப்படி ஒரு சத்தம் வரும், அப்பாவ டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போன்னா. போன்ல அவுககிட்டயும் சொல்லிப் பாத்தா. காதா, என் காதான்னு கட் பண்ணிட்டாக. அந்தக் காதாலதான தம்பி நாங்க சோறு தின்னோம். அது போச்சுன்னு அவுகளால எப்படி ஒத்துக்கிட முடியும்?

போவட்டும், வண்டில சத்தம்னே இருந்துட்டுப் போவட்டும்னு நானும் விட்டுருப்பேன். நேத்து பைபாஸ்ல எங்களுக்குப் பின்னாடி ஒரு கண்டெய்னர் லாரி. ஹாரன்னா ஹாரன், எனக்கு நெஞ்சுக்கூடு ஆடுது. இவுக நடு ரோட்டுல உருட்டிக்கிட்டு, தலையச் சாச்சு ரேடியேட்டரக் கேட்டுக்கிட்டு இருக்காக. நா ஸ்டியரிங்க எட்டிப் பிடிச்சு ஒடிச்சேன். லாரி கண்ணாடிய உரசிட்டுப் போச்சு. அதுக்கும் ஏச்சு எனக்குத்தான், ஏளா ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்குன்னு. எனக்குப் பயமா இருக்கு தம்பி. ராத்திரி அந்த ஹாரன் இன்னும் என் காதுல கேக்கு.

நா சொன்னா அவுக நம்ப மாட்டாக. மக சொன்னாலும் நம்ப மாட்டாக. எஞ்சினத் தொட்ட கைதான் சொல்லணும். ஒங்களுக்கு அவுக அண்ணாச்சி இல்ல, ஹார்பர் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நீங்க அம்புட்டு நேரம் கேட்டியளே, எதாவது கேட்டுச்சா? நெசத்தச் சொல்லுங்க. கேக்கலல்லா? அதையே சொல்லிருங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு. காதுன்னு நீங்க சொல்ல வேண்டாம். அதுக்குப் பொறவு அவுக என்னையப் பாப்பாக, நா பாத்துக்கிடுதேன்.

என்ன, சங்கடமா இருக்கா? எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?

அந்தா, கெளம்பிட்டாக. ஏங்க! இங்கன வாங்க! ஏங்க! பாத்தியளா, ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான நிக்காக. கூப்பிடுதது கேக்கல. ஏங்க! வாங்க, வாங்க. டீ நல்லா இருந்துச்சா? எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வரணும்னு தோணலல்லா? சரி விடுங்க. தம்பி வண்டிய நல்லாப் பாத்துட்டாரு. என்னமோ சொல்லணும்ங்காரு, கேளுங்க.

சொல்லுங்க தம்பி.

கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.