எக்ஸ்ரே சேவ் ஆகவில்லை

ரானுயி நிலையத்தில் ரயில் ஏறினேன். எதிரே தமிழ்நாட்டுப் பொடியன்கள் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கிளினிக்ல எக்ஸ்ரேவ சேவ் பண்றப்போ, எழுத முடியலன்னு டிஸ்க் கத்துது. நம்ம சாஃப்ட்வேர் அதக் காதுலயே வாங்காம, சேவ் ஆயிடுச்சுன்னு சொல்லுது,” என்றான் கண்ணாடிக்காரன்.

“அதத்தான் நீ சரி பண்ணிட்டியே,” என்றான் மற்றவன்.

“பண்ணேன். சேவ் ஆகலன்னா ஆகலன்னு காட்டுச்சு. கிளினிக்லேருந்து ஓயாம போன். இதுக்கு முன்னாடி வராத எர்ரர் உன்னாலதான் வருதுன்னு மேனேஜர் திட்டுறாரு.”

“முன்னாடியும் எக்ஸ்ரே தொலைஞ்சுட்டுதானடா இருந்துச்சு?”

“அப்போ யாருக்கும் தெரியாதே மச்சி.”

“இப்போ என்ன பண்ணப்போற?”

“பழையபடியே மாத்திட்டேன். நேத்துலேருந்து ஒரு போன்கூட வரல.”

மற்றவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.