வெயில் காணாத மிளகாய்க் கன்று

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கான வரிசையில், எனக்கு முன்னால் நின்றவள் கையிலிருந்த மிளகாய்ச் சாடிக்குக் குடை பிடித்திருந்தாள். வெயில் நகராதபோதும் குடையை மாற்றி மாற்றிச் சரித்தாள்.

“பிள்ளை, உமக்கெல்லோ வெயில் சுடுது,” என்றார் பக்கத்தில் நின்ற மூத்த பெண்ணொருவர்.

“இது இன்னும் வெயிலே காணேல்லை, அக்கா. முளைச்ச நாள் தொடக்கம் அறைக்குள்ளை, செடி வளக்கிற ஒரே லைட்தான்.”

“பூக்கேக்கை சிவப்பு லைட்டுக்கு மாத்தவேணும் எண்டு போனிலை பாத்தனான்.”

“நான் மாத்தேல்லை. முளைச்சது, பூத்தது, காய்ச்சது எல்லாம் அந்த வெள்ளை லைட்டிலைதான்.”

“இப்ப எங்கை கொண்டு போறீர்?”

“அம்மா வீட்டை. இனி அங்கைதான் இருக்கப் போறன்.”

“அப்ப லைட்?”

அவள் படகு வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“அதைக் கழட்ட அவர் விடேல்லை.”